மலைக்கு மேலே ஒரு பச்சைத் தீ

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் செல்போன் சிக்னல் மொட்டை மாடியில் மட்டும்தான் கிடைக்கும். அதுவும் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்தான். போன மார்கழியில் ஒருநாள் விடிகாலை நாலே முக்காலுக்கு நான் அங்கே நின்றதற்கு அதுதான் காரணம். நட்சத்திரம் பார்க்கும் ஆசை எல்லாம் இல்லை. தாத்தா பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் இருந்தார். "ஏதாவதுன்னா கூப்பிடுதேன்" என்று சொல்லியிருந்தார், கூட இருந்த அப்பா. அந்த "ஏதாவது" என்னைத் தூங்க விடவில்லை.

போனில் எதுவும் வந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பினேன். திடீரென்று என் நிழல் சுவரில் விழுந்தது. நிலா இல்லை, அந்தப் பக்கம் தெருவிளக்கும் கிடையாது. நிழல் நகர வேறு செய்தது! நிமிர்ந்து பார்த்தால், கிழக்கிலிருந்து மேற்காகப் பச்சை கலந்த வெள்ளையில் ஒரு தீ உருண்டை. பொதிகை மலைக்கு மேலே போனதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்து அணைந்துவிட்டது. மொத்தமே நாலைந்து விநாடிதான். சத்தமே இல்லை. போன வழியில் மங்கலாக ஒரு கோடு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

எரிநட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கணும், இல்லாவிட்டால் ஆகாது என்று ஆச்சி சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறாள். நான் படிப்பது பிசிக்ஸ், இரண்டாம் வருடம். சிரிக்காதீர்கள், வேப்பமரத்தைப் பார்த்தேன். அந்த இருட்டில் அது பச்சையாகவும் இல்லை. கையோடு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"தூங்குதாரு. ஏம்ல இந்நேரத்துல?"

"சும்மாதான்."

இருந்தாலும் வைக்க மனமில்லை. ஏதேதோ கேட்டு மூன்று நான்கு நிமிடம் இழுத்தேன்.

வெள்ளி கிரகத்தை விடப் பிரகாசமாக எரியும் விண்கல்லை ஃபயர்பால் என்கிறார்கள். விநாடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. காற்றோடு உராய்ந்து எரிகிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். உண்மையில், முன்னால் இருக்கும் காற்று விலக நேரமில்லாமல் அமுங்கிக் கொதிப்பதுதான் பெரிய காரணம். நள்ளிரவுக்குப் பிறகு விண்கற்கள் அதிகம் தெரிவதற்கும் விஷயம் இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸில் மழை முன் கண்ணாடியில்தானே அதிகம் அடிக்கும்? பூமி சூரியனைச் சுற்றி ஓடும் ஓட்டத்தில், விடிகாலையில் நாம் அந்த முன் கண்ணாடிப் பக்கம் இருக்கிறோம்.

டீக்கடைக்குப் போனால் அங்கே மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். குளத்துக்குள் விழுந்தது என்றார் ஒருவர். மலையடிவாரத்தில் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மாஞ்சோலைக்கே கொண்டுபோய்விட்டார்! மூவருக்கும் துளிகூடச் சந்தேகம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆகாயத்தில் ஒன்றும் இல்லாததால் கண் இப்படித்தான் ஏமாறுகிறது. இந்த வெளிச்சமெல்லாம் பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது. மலைக்குப் பின்னால் என்று தோன்றியது கேரளாவையும் தாண்டி அரபிக்கடலுக்கு மேலே நடந்திருக்கலாம்.

இதைத் தீர்க்க ஒரு வழி, சத்தம். மின்னல், இடி கணக்குதான். கல் கீழே வெகுதூரம் இறங்கி உடைந்திருந்தால் வெடிச்சத்தம் நிமிடக்கணக்கில் தாமதித்து வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலக் கல் ஒன்று வெடித்தது. வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்கு ஓடியவர்கள் முகத்தில், இரண்டு நிமிடம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம்.

நாலு நாள் கழித்துத் தாத்தா வீட்டுக்கு வந்தார். ஆச்சி அடுப்படியில் இருந்த நேரமாகப் பார்த்து மெதுவாகச் சொன்னேன். அவர் அசரவே இல்லை.

"ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவனுக்கு இதெல்லாம் சகஜம்ல. பொறவு சத்தம் கேட்டுச்சா?"

டீக்கடையில் ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்கே மறுநாள்தான் தோன்றியது.

"தெரியல தாத்தா. போன்ல பேசிட்டு இருந்தேன்."

"அந்நேரத்துல யாருட்ட?"

"அப்பாட்ட."

"என்ன பேசுன?"

"நீங்க தூங்குதீங்களான்னு கேட்டேன்."