விடியற் பனியும் இரண்டாங் கியரும்

நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் வானந் தெளிந்திருக்கும் இரவுகளை நம்புதல் கூடாது. முகில் மூடாத இரவிலேதான் குளிர் இறங்கும். விடிந்து பார்த்தாற் புற்றரையெங்கும் உப்புத் தூவியதுபோல உறைபனி கிடக்கும். உருளைக்கிழங்குப் பாத்திகளில் இலைகள் கருகி நிற்கும். கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே உள்ள ஊரல்லவா? யாழ்ப்பாணத்து வெயிலிற் பிறந்து வளர்ந்த நாம் உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து ஆண்டுகள் பல கழிந்தும், இக்குளிர் எமக்கு இன்னும் பழகவில்லை.

எம்மிடம் உள்ள மோட்டார் வண்டி 1963ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். தந்தையார் வாங்கியது. இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்து 1971இல் உற்பத்தி நின்றுபோன இவ்வகை வண்டிகள் இலங்கையில் இன்றும் பல வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. விற்க மனம் வராதவர்களின் வீடுகள் அவை. எமதும் அவற்றுள் ஒன்று.

எம் மூத்த மகன் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று மாதங்களே ஆகியிருந்தன. காலையிலே தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது அவன் பொறுப்பு. நாம் வண்டியை எடுப்பது பெரும்பாலும் பத்து மணிக்குப் பின்னரே. தை பிறந்ததும், வண்டி படலையைக் கடந்து ஏற்றத்தில் ஏறும்போது, முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறுமிடத்திற் ‘கறகற’ என்றோர் ஓசை எழலாயிற்று. தேநீர்க் கோப்பையுடன் விறாந்தையில் இருக்கும் எமக்கு அது பல்லைக் கூசச் செய்யும்.

“தம்பி, கிளச்சை முழுக்க அமத்து” என்போம்.

“அமத்தித்தானப்பா மாத்திறன். கியர் போகுதில்லை” என்பான்.

ஒருநாள் நண்பகலில் வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். அவர் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, “கியரிலே பிழை இல்லை ஐயா, ஓட்டுகிற கையிலேதான்” என்றார். எமக்கு வேண்டியதும் அந்தச் சொல்லே. அன்று மாலை மகனிடமிருந்து சாவியைக் கேட்டோம். எதிர்வார்த்தை ஒன்றும் பேசாமல் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனான். மறுநாள் தொடக்கம் எம் மகள் கம்பளிச் சட்டைக்குள் முகம் புதைத்து, பஸ்ஸுக்கு நடந்தாள். மகன் வண்டியின் பக்கமே போகவில்லை. ஞாயிறுதோறும் அதைக் கழுவித் துடைப்பவன், அதையும் விட்டுவிட்டான்.

மூன்று வாரம் சென்றிருக்கும். இரவு மெயிலில் வரும் உறவினரை அழைத்துவர, விடியுமுன் நாமே நானுஓயா நிலையத்துக்குப் புறப்பட்டோம். முன்கண்ணாடியிற் பனி பொருக்காய்ப் படிந்திருந்தது. சுடுநீர் ஊற்றினாற் கண்ணாடி வெடிக்குமென்று துணியாலே தேய்த்தோம். இயந்திரம் இயங்கியது. முதற் கியர் விழுந்தது. இரண்டாவதற்குத் தள்ளினோம். கைப்பிடி நகர மறுத்தது! தேன் பானைக்குள் அகப்பையை விட்டுத் துழாவியதுபோல் இருந்தது. சற்றே வலிந்து தள்ளினோம். ‘கறகற’ என்றது. முப்பது ஆண்டுகளாக வண்டியோட்டும் கை எமது கை. ஆள் நடமாட்டமற்ற அந்தத் தெருவிலும் யாரேனும் கேட்டுவிட்டனரோ என்று திரும்பிப் பார்த்தோம். நிலையத்திலிருந்து மீண்டும் மலையேறி வரும்போது தொல்லை வரவரக் குறைந்தது. வீட்டு வாசலை அடையுமுன் அறவே இல்லை.

குளிரிற் பிடிவாதம் பிடித்து, சூடேறியதும் இணங்கிவரும் நோய் தேய்ந்த பல்லின் நோயாயிராது என்று அப்போதுதான் எமக்குத் தோன்றிற்று. மெக்கானிக் நண்பகலில் ஓட்டிப்பார்த்துக் குற்றங் காணாமைக்கும் அதுவே காரணம்.

அடுத்தநாள் விடியலில் ஒவ்வொன்றாய்ச் சோதித்தோம். இயந்திரத்தை இயக்காமலே கியர்களை மாற்றினோம். கைப்பிடி கனத்ததேயன்றி எங்கும் சிக்கவில்லை; ஆதலின் கைப்பிடியிலும் அதனோடு தொடுத்த தண்டுகளிலும் குறையில்லை. பின் இயந்திரத்தை இயக்கி, கிளச்சை அடிவரை மிதித்து, பத்துவரை எண்ணிவிட்டுப் பின்னோக்குங் கியரைப் போட்டோம். கிளச் சரியாய் விலகாதிருந்தால் அந்தக் கியர் உறுமும். ஓசையின்றி விழுந்தது. கிளச்சும் தப்பிற்று. எஞ்சியது எண்ணெய்.

மாணவர்களுக்காக ஒரு சொல். இரு பற்சில்லுகள் வெவ்வேறு வேகத்திற் சுழலும்போது அவற்றைப் பிணைக்க முயன்றாற் பல்லோடு பல் மோதும். அதைத் தடுக்கவே மேற்கியர்களில் ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் ஒரு கூம்பும், அக்கூம்பின்மேற் பொருந்தும் பித்தளை வளையமும் வைத்தார்கள். கியரை மாற்றும்போது வளையம் கூம்பை இறுகப் பற்றி, உராய்வினால் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அதன் பின்னரே பற்கள் சேரும். வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம் வழிந்து விலகினாலன்றி உராய்வு பிறவாது. குளிரிலே எண்ணெய் தடித்தால் படலம் விலகச் சுணங்கும். வளையம் பற்றாது வழுக்கும். அவசரப்பட்ட கை பல்லை மோதவிடும்.

தரைவிரிப்பை விலக்கி, றப்பர் மூடியைக் கழற்றி, எண்ணெய் ஊற்றும் துவாரத்திற் கம்பியொன்றை விட்டு எடுத்தோம். கெட்டியான எண்ணெய், மூக்கருகே கொண்டுபோனதும் கந்தக நாற்றம். தந்தையார் வைத்திருந்த கைந்நூலைத் தேடியெடுத்தோம். கியர்ப் பெட்டிக்கும் இயந்திரத்துக்குப் போன்றே 30ஆம் இலக்க இயந்திர எண்ணெய். பின் அச்சுக்கு மட்டுமே 90ஆம் இலக்கக் கியர் எண்ணெய் என்று அதிலிருந்தது. எல்லா வண்டிக்கும் இவ்விதி பொருந்தாது. அவரவர் வண்டியின் கைந்நூலே அவரவர்க்குப் பிரமாணம்.

கந்தகங் கலந்த அவ்வெண்ணெய் எவ்வாறு அங்கு வந்தது? முந்திய ஆவணியில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, எண்ணெய் மாற்றும் பையனிடம், “கியர்ப் பெட்டிக்குக் கியர் எண்ணெய்தானே, நல்லதாய்ப் பார்த்து ஊற்று” என்று நாமே அருகில் நின்று சொன்னோம். பையன் எமது முகத்தை ஒருமுறை பார்த்தான், பின் ஊற்றினான். அவ்வூர் வெயிலில் எந்த எண்ணெயும் நீராய் ஓடும். பிழை ஐந்து மாதம் பெட்டிக்குள் ஒளிந்துகிடந்தது.

மகனை அழைத்தோம். இரு வெற்றுப் போத்தல்களில் இரு எண்ணெயையும் பாதியளவு விட்டு, இரவு முழுதும் வெளிச்சன்னல் விளிம்பில் வைத்தோம். விடிந்ததும் இரண்டையும் ஒருசேரச் சரிக்கச் சொன்னோம். ஒன்று வழிந்து கழுத்துக்கு வந்தது. மற்றது புறப்படுவதற்கே யோசித்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது ஆர் விட்டதப்பா?”

“நான்தான்” என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மூன்று வாரக் கோபத்தை விழுங்கவேண்டியிருந்தது.

அன்று பிற்பகல், வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கியபின், பழையதை முற்றாக வடித்து, 1.3 லீற்றர் புதிய எண்ணெய் விட்டோம். அவன் புனலைப் பிடித்தான். இரவு சாவியை அவன் மேசைமேல் வைத்தோம்.

மறுநாளும் உறைபனி. படுக்கையிற் கிடந்தபடியே செவியைத் தீட்டியிருந்தோம். மகளின் குரல் கேட்டது, கதவு சாத்துண்டது, வண்டி படலையைக் கடந்து ஏற்றத்தில் ஏறிற்று. இரண்டாங் கியர் மாறுமிடம் எப்போது வந்து போயிற்றென்று எமக்குத் தெரியவில்லை.