சாட்சி சொல்லப் போகும் ஆரோக்கியத்துக்கு

அன்பு ஆரோக்கியம்,

உன் லெட்டர் கிடைத்ததடி. கோர்ட்டுப் படி ஏறாமல் தப்பித்தால் பெரியநாயகி மாதாவுக்கு ஆளுயர மெழுகுவர்த்தி வைப்பதாக வேண்டிக்கொண்டாயாமே, நல்ல வேண்டுதல் போ! நீ என்ன திருடிவிட்டாயா? ஆவூர் ஈஸ்டர் கூட்டத்தில் பக்கத்தில் நின்ற அக்காவின் சங்கிலியை ஒருத்தன் அறுத்ததைப் பார்த்தாய், அதைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். சம்மனைப் பார்த்து உன் மாமியார் குடும்ப மானமே போச்சு என்று மூக்கைச் சிந்தினார்களாம். உன் கல்யாண ரசத்தில் உப்பு கூடிப்போனதற்கே அழுதவங்கதானே, விடு.

நான் திருச்சியில் வக்கீல் ஆபீசில் டைப் அடித்து அடித்து விரல் தேய்ந்தவள், கொஞ்சம் கேள். சம்மனை வாங்கிவிட்டுப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே, அப்புறம் வாரன்ட் வரும். அன்றைக்கு ஏட்டு வீட்டுக்கே வந்து விசாரித்தாரே, அது உன்மேல் பட்ட இரக்கம் இல்லை. பெண்களை அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்கணும், ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது சட்டம். அவர் எழுதிக்கொண்டதில் உன்னிடம் கையெழுத்து வாங்கவில்லையே என்று அண்ணன் சந்தேகப்பட்டாராம். சாட்சி போலீசிடம் சொன்னதில் கையெழுத்தே வாங்கக் கூடாது, அண்ணனிடம் சொல்.

கோர்ட்டில் காத்திருப்பதுதான் பெரிய பாடு. பத்தரைக்குப் போனால் மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள், இல்லை வாய்தா என்று திருப்பி அனுப்புவார்கள், உட்கார பெஞ்சு கிடைத்தால் உன் அதிர்ஷ்டம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போ. வந்துபோகும் செலவுக்குச் சாட்சிப் படி உண்டு, வெட்கப்படாமல் கேள். முதலில் அரசு வக்கீல் கேட்பார், பிறகு எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை. அங்கேதான் நம்ம வாய்க்குப் பூட்டு வேணுமடி! சட்டை என்ன நிறம் என்பார், நினைவில்லை என்றால் நினைவில்லை என்று மட்டும் சொல், பச்சையோ நீலமோ என்று இழுக்காதே. அசிங்கமாகக் கேட்டால் நீதிபதியைப் பார்த்துச் சொல், தடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. முடிந்ததும் நீ சொன்னதைப் படித்துக் காட்டுவார்கள். தப்பாகப் பதிந்திருந்தால் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு.

இப்போ சங்கிலி அறுத்த பையனின் சித்தப்பா டீக்கடையில் உன்னை முறைத்தார் என்றாயே, அதுக்கு வருகிறேன். மாற்றிச் சொல்லு என்று யாராவது மிரட்டினால் அதுவே தனிக் குற்றம், ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போகலாம். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை நாடு முழுக்கச் சட்டமாகவே ஆக்கியது. சாமியார் ஆசாராம் வழக்குச் சாட்சிகள் தாக்கப்பட்டதால் வந்த வழக்கு அது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும், அங்கே மனு கொடுத்தால் மிரட்டல் எவ்வளவு பெரிசு என்று பார்த்துப் பாதுகாப்புக்கு உத்தரவு போடுவார்கள். முறைப்புக்கெல்லாம் துப்பாக்கிப் போலீஸ் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆனாலும் நடந்ததை அரசு வக்கீல் காதில் போட்டுவை.

சாத்தான்குளம் ஸ்டேஷனை நினைத்துப் பாரேன். 2020 ஜூனில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் அடித்தது போலீஸ். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி, கூட வேலை பார்க்கிறவர்கள் வெளியே நிற்கும்போதே, விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். பயந்துகொண்டேதான் சொன்னாள், கையெழுத்துப் போடவே தயங்கினாளாம். அப்புறம் மதுரை ஹைகோர்ட் அவளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. அந்தப் பொம்பளைக்கு இருந்த பயத்தில் கால்வாசி உனக்கு இருக்குமா சொல்லு.

அந்தச் சங்கிலி அக்காவைப் பார்த்தால் சொல்: எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்கட்டும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி விசாரணை எதுவரை வந்தது என்று தொண்ணூறு நாளுக்குள் போலீஸே அவருக்குத் தெரிவிக்கணும். தனக்கென்று ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. காசில்லையே என்று தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி மையத்தில் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100-க்கு ஒரு போன் போதும்.

ஆதார் அட்டையையும் சம்மனையும் மறக்காமல் எடுத்துக்கொள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடு, அண்ணனையும் கூட்டிப் போ. அந்த மெழுகுவர்த்தியை எப்படியும் ஏற்று, ஆனால் சாட்சி சொல்லிவிட்டு வந்து ஏற்று.

உன்
லூர்து