தர்மசேனரின் ஆண்டுகள்

பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து பிஷப் ராபர்ட் லெய்டனின் வரலாற்றைச் சென்ற வாரம் படித்தேன். பிஷப்புகளைக் கண்டித்து எழுதியதற்காக 1630இல் அவருடைய தந்தையின் காதை அறுத்தார்கள். மகனோ 1661இல் டன்பிளேன் நகரின் பிஷப்பானார்; பின்பு பேராயராகி, 1674இல் பதவியைத் துறந்தார். படித்து முடித்தபோது எனக்கு நினைவில் வந்தவர் எங்கள் பக்கத்துத் தர்மசேனர்.

பண்ருட்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். அப்பர் என்றால் தெரியும். அருகே திருவாமூரில் மருணீக்கியாராகப் பிறந்தவர், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் கற்றுத் தலைமை வரை உயர்ந்து பெற்ற பெயர் அது. பாடலிபுத்திரம் என்பது இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். அங்கே அவர் இருந்த காலத்தைச் சேக்கிழார் விரைவாகக் கடந்துவிடுகிறார். சூலை நோய் வந்து, தமக்கை திலகவதியாரைத் தேடி இரவில் திருவதிகைக்கு வந்து திருநீறு பெற்ற பிறகுதான் கதை விரிகிறது.

என் பாட்டியும் அப்படித்தான். பலாச்சுளை உரித்தபடி சுண்ணாம்புக் காளவாய், யானை, கல்லோடு கடலில் வீசியது என்று அடுக்குவாள். "அங்க இருந்தப்ப அவர் என்ன படிச்சார் பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "அந்தப் பாழாப்போன கதை உனக்கு எதுக்குடா?" என்றாள்.

கி.பி. 458இல் சர்வநந்தி லோகவிபாகம் எழுதியது அந்த ஊரில்தான் என்பர் ஆய்வாளர். அதன் பிராகிருத மூலம் அழிந்துவிட்டது. வடமொழி வடிவம் மட்டும் எஞ்சியுள்ளது. சமணத்தில் கழித்த நாட்களை, தலைமயிர் பறித்துக்கொண்டது உட்பட, அப்பரே பதிகங்களில் நொந்துகொள்கிறார். ஆயினும் உடம்பின் நிலையாமையை அவர் பாடும்போது அந்தப் பள்ளியின் பயிற்சி ஒலிப்பதாகவே எனக்குப் படுகிறது. வேறு எங்கே கற்றிருப்பார்?

அவர் பொருட்டு மனம் மாறிய பல்லவ மன்னன் (மகேந்திரவர்மன் என்பர்) பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான். இதைச் சொல்பவரும் சேக்கிழார்தான், மறைக்கவில்லை, வருந்தவுமில்லை. லெய்டன் தம் நூல்களை டன்பிளேனுக்கு விட்டுச் சென்றார். அவற்றுக்காகக் கட்டிய நூலகம் இன்றும் நிற்கிறது.

சென்ற மாதம் மகளுடன் குணபரவீச்சரம் போனேன். சின்னக் கோயில். "யாருப்பா கட்டினது?" என்றாள். பல்லவ ராஜா என்றேன். கல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன்.