விலைச்சீட்டைக் கேட்கும் செவி

ஒலிபெருக்கியை இணைக்கும் கேபிளின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல லட்சம் வரை நீள்கிறது. விலையுயர்ந்ததை வாங்கியவர், பாடகியின் மூச்சுகூடத் துலக்கமாகக் கேட்கிறது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2007இல் மேயர், மோரன் இருவரும் உயர்நுண்மைப் பதிவுகளையும், அவற்றையே குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் குறைத்த ஒலியையும், எது எதுவெனச் சொல்லாமல் கேட்கவைத்த ஆய்வை வெளியிட்டனர். 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அனைத்தையும் நீக்கும் மாற்றம் அது. கேபிளை மாற்றுவதைவிடப் பெரியது. ஆயினும் வழக்கமான ஒலியளவில் 554 முறைகளில் 276 விடைகளே சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ இதுவே கிடைத்திருக்கும்.

மொழியியலாருக்கு இது புதிதன்று. 1970இல் ரிச்சர்ட் வாரன் ஒரு சொல்லின் நடுவிலிருந்த ஒலியை நீக்கி, அவ்விடத்தில் இருமலை வைத்தார். கேட்டோர் இல்லாத ஒலியையும் கேட்டனர். 1976இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் உதட்டசைவை மாற்றிக் காட்டியே வேறொரு மெய்யொலியைக் கேட்கச் செய்தனர். ஒலிக்கு முன்பே எதிர்பார்ப்பு செவியில் வந்து அமர்ந்துவிடுகிறது. விலைச்சீட்டும் ஓர் எதிர்பார்ப்பே.

கேபிள் வாங்கியவரை எள்ளுவது எளிது. அழிவின் விளிம்பிலுள்ள ஒரு மொழியை ஒலிக்குறியீட்டில் எழுதும் ஆய்வாளருக்கும் அதே செவிதான். தம் கோட்பாட்டுக்குத் தேவையான வேறுபாட்டை அவரும் கேட்டுவிடக்கூடும். இசையன்பர் இழப்பது பணம். ஆய்வாளர் பிழைபட்டால், பேசுவோர் எவரும் எஞ்சாத நாளில் அப்பிழையே அம்மொழியாக நிலைத்துவிடும். கோட்பாட்டை அறியாத இன்னொருவரிடம் அப்பதிவைக் கேட்கக் கொடுக்கப் பெருஞ்செலவு ஆகாது.