கீலும் பூட்டும்

மரம் அறுக்கத் தெரிந்தவனெல்லாம் தச்சனாகிவிட முடியாது என்கிற சாதாரண உண்மையை நான் நாற்பத்தாறாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். பலகையை அளந்து, அறுத்து, இழைத்து, நாலு காலில் நிறுத்திவிட்டால் அது மேஜை. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மேஜைதான். ஒரு காலடியில் அட்டையை மடித்து வைத்துச் சமாளித்துவிடலாம். அந்த மேஜைக்கு ஒரு கதவு போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. அசையாமல் நிற்கிற மரம் நம் தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்கிறது. அசைகிற மரம் ஒவ்வொரு தடவை அசையும்போதும் அதைச் சொல்லிக் காட்டுகிறது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு மேஜை கிடையாது. சாப்பாட்டு மேஜையில் பாதியை அது பிடித்துக்கொண்டிருந்தது. பகலில் நான் அதில் கதை எழுதுவேன். ராத்திரி என் மகன் உட்காருவான். ப்ளஸ் டூ படிக்கிற பையன். கைபேசியைப் பத்து மணிக்கு அவன் அம்மா வாங்கி வைத்துக்கொள்வாள். கம்ப்யூட்டரை அப்படி வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? ராத்திரி ஒரு மணிக்கு, இரண்டு மணிக்குக்கூட விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்கும். நான் எழுந்து போய் விளக்கைப் போடுவேன். அவன் திரையை மாற்றுவான். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அவனும் ஒன்றும் சொல்ல மாட்டான். மூன்று மாதம் இப்படியே போயிற்று. அரைப் பரீட்சையில் கணக்குக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கிக்கொண்டு வந்தான்.

"நானே ஒரு மேஜை செய்யப் போகிறேன்" என்று நான் சொன்னபோது மனைவி சிரித்தாள். "கடையில் விற்கிறதே, வாங்கிக்கொண்டு வந்தால் என்ன?" என்றாள். பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த பரண் பலகைகள் வீணாகக் கிடக்கின்றன, நல்ல தேக்கு, என்று காரணம் சொன்னேன். அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. நான் பார்த்த கடை மேஜைகளில் கம்ப்யூட்டர்ப் பெட்டி வைக்கிற இடம் திறந்தபடி இருந்தது. எனக்கு அந்த இடத்துக்கு ஒரு கதவு வேண்டும். கதவுக்கு ஒரு பூட்டு வேண்டும். சாவி என் பையில் இருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு ஆசாரியார் இருக்கிறார். எழுபத்தாறு வயது. கும்பகோணத்தில் அவர் கை படாத வீடு எங்கள் பக்கத்தில் குறைச்சல். நான் போய்ச் சொன்னதும் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் காற்றில் இலை மாதிரி ஆடின.

"இதை வைத்துக்கொண்டு உளி பிடிக்க முடியுமா, தம்பி? நீங்கள் செய்யுங்கள். நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார்.

அப்படித்தான் வேலை ஆரம்பித்தது. நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், 30 அங்குல உயரம். இடது பக்கம் கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு ஒரு அறை. அதன் பின்பலகையில் சூடு வெளியேற ஒரு திறப்பு. மேல் பலகைக்கு அடியில் விசைப்பலகை வைத்து இழுத்துத் தள்ள ஒரு தட்டு. இவ்வளவும் எட்டு நாளில் முடிந்துவிட்டது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் கீல் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது இந்தக் காலத்து ஆட்டோ கீல். கதவின் உள்பக்கம் 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் துளைத்து, அந்தக் குழியில் கிண்ணம் மாதிரி அதைப் பதிக்க வேண்டும். கதவு மேலே கீழே, முன்னே பின்னே விலகியிருந்தால் அதிலேயே இருக்கிற திருகாணிகளைத் திருகிச் சரிப்படுத்திக்கொள்ளலாம். "தப்பாப் பூட்டினாலும் அப்புறம் திருத்திக்கலாம் சார்" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் ஏன் தப்பாகப் பூட்டப் போகிறேன்? 3 அங்குலப் பித்தளைக் கீல் ஒரு ஜோடி, பித்தளைத் திருகாணி, தட்டுக்கு 18 அங்குலச் சேனல் ஒரு ஜோடி, ஒரு கைப்பிடி, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு அலமாரிப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையைக் கடைக்காரர் சொல்லிக்கொண்டே அதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஆசாரியாரிடம் ஆட்டோ கீல் கதையைச் சொன்னேன். அவரும் என்னோடு சேர்ந்து இகழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல யோசனைதானே? திருத்திக்கொள்ள இடம் விட்டிருக்கிறான். நம்ம கீலில் அது கிடையாது. முதலிலேயே சரியாக இருக்கணும்" என்றார்.

கீல் பதிக்கிற விதத்தை அவர் சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு நுட்பமான காரியம் என்று தெரிந்தது. கதவின் மேல் ஓரத்திலிருந்து கீலின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி மேல் கீல், கீழேயும் அப்படியே. கீலை மரத்தின் மேல் வைத்துச் சுற்றிலும் கோடு போட வேண்டும். பென்சிலால் அல்ல, கத்தி முனையால். பென்சில் கோட்டுக்கு ஒரு கனம் உண்டு. அந்தக் கனத்துக்குள் தப்பு ஒளிந்துகொள்ளும். பிறகு உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி, குறுக்கே நெருக்கமாக வெட்டி, உளியைப் படுக்க வைத்துச் சீவி எடுக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவேதான். ஆழம் அதிகமானால் கதவு முழுக்க மூடுவதற்குள் மரமும் மரமும் முட்டி எதிர்த்துக்கொண்டு நிற்கும். குறைந்தால் கீல் பக்கம் இடைவெளி விழும். கதவு முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டத்தில் இடிக்கும்.

திருகாணி விஷயமும் இருக்கிறது. பித்தளை மெதுவான உலோகம். தேக்கில் நேராகத் திருகினால் பாதியில் தலை முறிந்துவிடும். அதனால் முதலில் சிறு துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை உள்ளே செலுத்தி வழி பண்ணி, அதைக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியில் கொஞ்சம் சோப்பைத் தடவித் திருக வேண்டும். அதுவும் முதலில் ஒவ்வொரு தகட்டிலும் ஒன்றே ஒன்று. கதவை ஆட்டிப் பார்த்துத் திருப்தி ஏற்பட்ட பிறகுதான் மற்றவை.

கீழ்க் கீலை இரண்டு மணி நேரம் பதித்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. தைரியம் வந்துவிட்டது; மேல் கீலை அரை மணியில் முடித்தேன். எல்லாத் திருகாணியையும் ஒரே மூச்சில் போட்டுக் கதவை மூடினேன். கைப்பிடிப் பக்கத்து மேல் மூலை சட்டத்தில் 'டக்'கென்று இடித்தது.

நான் உடனே இழைப்புளியை எடுத்தேன். இடிக்கிற மூலையைக் கொஞ்சம் சீவிவிட்டால் போயிற்று.

"வையுங்கள் கீழே!" என்றார் ஆசாரியார். அவ்வளவு பலமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "இடிக்கிற இடத்தில் தப்பு இல்லை தம்பி. அந்த மூலையைச் சீவினால் இன்றைக்கு மூடும். அப்புறம் அந்த இடத்தில் ஆயுசுக்கும் சந்து தெரியும். கீலைப் போய்ப் பாருங்கள்."

பார்த்தேன். மேல் கீலின் தகடு பள்ளத்துக்கு மேலே இரண்டு தபால் அட்டை கனத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அரை மணி நேரத்தில் முடித்த வேலையின் லட்சணம்!

கதவைக் கழற்ற ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆசாரியாரே என் மகனைக் கூப்பிட்டார். அவன் வந்து கதவைப் பிடித்துக்கொண்டான். நான் பள்ளத்தை ஆழப்படுத்திக்கொண்டிருந்தபோது, அவன் சும்மா நிற்காமல் சேனல் சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தான்.

"அப்பா, பக்கத்துக்கு அரை அங்குலம் விடணும்னு போட்டிருக்கு. உள் அகலம் 28 அங்குலம்னா தட்டு 27தான் இருக்கணும். நீங்க இருபத்தேழரை வெட்டியிருக்கீங்க."

அளந்தேன். இருபத்தேழரைதான். கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவன் சொன்னது சரி. ஆசாரியார் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "இந்தச் சக்கரம் வைத்த கம்பியெல்லாம் எனக்குத் தெரியாது. நாங்கள் மரச்சட்டத்தில் மெழுகுவத்தி தேய்ப்போம். தம்பியே பூட்டட்டும்" என்றார். பையன் அரை அங்குலத்தை வெட்டி எடுத்து, தட்டைப் பூட்டி, ஒரு விரலால் தள்ளினான். அது சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன சமயத்தில் ஆசாரியார் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். பூட்டு கையில் வந்தது. கதவில் நான் ஊசியால் குத்தி வைத்திருந்த இரண்டு அடையாளங்களையும் பார்த்தார்.

"இது யாருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். பழைய கணக்கில் சொன்னால் இன்டர்மீடியட். முதல் வருஷம் பாடப் புத்தகத்தைத் தொடாமல் ராத்திரியெல்லாம் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா ஒரு நாள் புத்தக அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பூணூல் மாதிரி ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டார். பூட்டு முன்பக்கம் இருந்தது. அந்த அலமாரிக்குப் பட்டைக் கீல். திருகாணியெல்லாம் வெளியே தெரியும். நான் திருப்புளியால் கீலைக் கழற்றிக் கதவைப் பூட்டோடு சாய்த்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி திருகி வைத்துவிடுவேன். எத்தனையோ ராத்திரி. துளைகள் தேய்ந்து தளர்ந்து, ஒரு நாள் அப்பா சாவி போட்டுத் திறந்தபோது கதவு மொத்தமாக அவர் கையோடு வந்துவிட்டது. ஆசாரியாரை அழைத்தார்கள். அவர் திருகாணித் தலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மரம் பழசாகிவிட்டது" என்று அப்பாவிடம் சொன்னார். மூங்கில் சீவல்களைப் பசையில் தோய்த்துத் துளைகளில் அடைத்துத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இருபத்தெட்டு வருஷமாக அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அன்றைக்குப் பேசினார்.

"அந்தக் கீல் வெளியே இருந்தது, நீங்கள் பிழைத்தீர்கள். இது உள்கீல். கதவு மூடியிருக்கும்போது திருப்புளி எட்டாது. பையனுக்கு வழியில்லை" என்றார். பூட்டைக் காகிதத்திலேயே மடித்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

மூன்று மாதமாக நான் இடிக்கிற மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது. ராத்திரி என்னடா செய்கிறாய் என்று அவனை ஒரு தடவை கேட்டிருப்பேனா? கேட்டால் என்ன பதில் வரும் என்பதைவிட, என்னைப் போலவே படிப்பை விட்டுவிடுவானோ என்கிற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் பூட்டு வாங்கி வந்திருந்தேன்.

அன்று ராத்திரி கேட்டேன். மறைக்காமல் சொன்னான். பாதி நேரம் விளையாட்டு. கொஞ்சம் சினேகிதனோடு அரட்டை. வகுப்பில் கணக்கு புரியாமல் போய் ரொம்ப நாளாயிற்றாம். கேட்க வெட்கப்பட்டு, யாரோ நடத்துகிற பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறானாம். எல்லாம் எனக்குப் பிடித்த பதிலாக இல்லை. ஆனாலும் பதில். கணக்குக்கு ஒரு வாத்தியார் ஏற்பாடாயிற்று. பதினொரு மணிக்கு மேல் கூடாது என்று பேசிக்கொண்டோம். வாரத்தில் ஒரு நாள் அதை மீறத்தான் செய்கிறான்.

ஆசாரியாருக்கு ஒன்பது நாள் கூலி கொடுத்தேன். சும்மா உட்கார்ந்ததற்கா என்று மறுப்பார் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதுவும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசி மழையில் கதவு லேசாகப் பிடித்தது. மகன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நான் மேல் கீலையும் கீழ்க் கீலையும் பார்த்தேன். இரண்டும் சரியாகவே உட்கார்ந்திருந்தன. மழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதும். இப்போது தேய்த்தால் கோடையில் சந்து விழும்.

"தேய்க்காதே. தை வரைக்கும் பார்க்கலாம்" என்றேன்.

தை பிறந்து பத்து நாளில் கதவு தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டது. பூட்டு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. கதவில் அந்த இரண்டு ஊசிக் குத்துகளும் அப்படியே இருக்கின்றன. மெழுகு வைத்து அடைத்துவிடலாம். நான் அடைக்கவில்லை.