எண்ணும் செவியும்

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கைபேசியில் பேசுகிறோம், கணினியில் பாட்டுக் கேட்கிறோம். இவற்றினுள் ஓயாமல் உழைக்கும் ஒரு சின்னஞ்சிறு சில்லைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? டிஜிட்டல் சிக்னல் பிராசசர் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டதுமே, "இது கல்லூரிப் படிப்பு, நமக்கு எதற்கு?" என்று ஒதுங்கத் தோன்றும். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை, தோழியரே! கூட்டல், கழித்தல், பெருக்கல், சராசரி ஆகியவை தெரிந்தால் இதைக் கற்கத் தொடங்கிவிடலாம்.

எங்கள் வகுப்பில் நாங்கள் நால்வர் இதில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களில் ஒருத்தியின் பாட்டி கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கிறார். "சத்தம் கேக்குதும்மா, வார்த்தைதான் புரியமாட்டேங்குது" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. ஞாயிறு திருப்பலியில் மறையுரை அவருக்கு விளங்குவதில்லை. மருத்துவரிடம் போகலாம் என்றால், "வயசானா அப்படித்தான்" என்று மறுத்துவிடுவார். சத்தம் கேட்கும்போது சொல் ஏன் புரியவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் அந்தச் சில்லிடம் வந்து சேர்ந்தோம்.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. மைக் அதனை மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலையின் உயரத்தை மிகச் சிறிய இடைவெளிகளில் அளந்து எண்ணாகக் குறித்துக்கொண்டே போனால், ஒலி முழுவதும் எண்வரிசையாகிவிடும். தொலைபேசிப் பேச்சுக்கு விநாடிக்கு 8,000 முறை அளப்பது வழக்கம். இசைத்தட்டான சி.டி.யில் இது 44,100 முறை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அந்த ஒலியைப் பிழையின்றித் திரும்பப் பெற முடியும் என்பது விதி.

ஒலி எண்ணாகிவிட்டால் அதன்மேல் கணக்குப் போடலாம் அல்லவா? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 9, 3, 9 என்று எழுதுங்கள். இது விரைந்து ஏறி இறங்கும் கீச்சொலி. பக்கத்தில் உள்ள இரண்டிரண்டு எண்களுக்குச் சராசரி காணுங்கள். விடை 6, 6, 6. ஏற்ற இறக்கம் மறைந்துவிட்டது! இனி 2, 3, 4, 5, 6 என்று எழுதுங்கள். இது மெல்ல மாறும் தாழ்ந்த ஒலி. இதன் சராசரிகள் 2.5, 3.5, 4.5, 5.5. ஒலி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. ஆக, சராசரி என்னும் சல்லடை கீச்சொலியைத் தடுத்துத் தாழ்ந்த ஒலியை விடுகிறது.

இப்போது ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்கு முந்திய எண்ணைக் கழித்துப் பாதியாக்குங்கள். முதல் வரிசை 3, -3, 3 என்று துள்ளும். இரண்டாம் வரிசையோ 0.5, 0.5 என்று அடங்கிவிடும். இந்தச் சல்லடை தாழ்ந்த ஒலியைத் தடுத்து உயர்ந்த ஒலியை விடுகிறது. இவற்றுக்கு ஃபில்டர் என்று பெயர். பெரிய ஃபில்டரிலும் நடப்பது இதுவே: ஒவ்வோர் எண்ணையும் ஏதோ ஒன்றால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு.

ஆனால் இந்த வேலை ஓயாது. ஒவ்வோர் அளவுக்கும் 50 பெருக்கல் என்றால், விநாடிக்கு 8,000 அளவுகளுக்கு 4,00,000 பெருக்கல் ஆகிறது! அக்காலத்துச் சாதாரணச் சில்லுகள் ஒரு பெருக்கலுக்கே பல படிகள் எடுத்துக்கொண்டன. எனவே பெருக்குவதற்கென்றே தனி உறுப்புக் கொண்ட சில்லுகளைப் படைத்தார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1983-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.எம்.எஸ். 32010 அவற்றுள் புகழ்பெற்றது. அது விநாடிக்கு 50 லட்சம் கட்டளைகள் வரை நிறைவேற்றியது. பேச்சைச் சில எண்களாகச் சுருக்கும் கலையில் நம் நாட்டவரான பிஷ்ணு அடலுக்குப் பெரும் பங்கு உண்டு. கான்பூரில் பிறந்த அவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

இனிப் பாட்டியிடம் வருவோம். முதுமையில் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. ச, ஸ, ஃப போன்ற மெய்யொலிகள் அந்த வகையைச் சேர்ந்தவை, மென்மையானவையும் கூட. அவை கேட்காதபோது குரல் மட்டும் கேட்கிறது, சொல் நழுவிவிடுகிறது. மின்சார ரயிலின் உறுமலோ தாழ்ந்த ஒலி; அது தடையின்றிக் கேட்கிறது.

நாங்கள் இருப்புப்பாதையருகே நின்று ஒருத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, உயர்ந்தவற்றைக் கூட்டினோம். இரண்டு பதிவுகளையும் பாட்டிக்குப் போட்டுக் காட்டினோம். முதலாவதற்கு, "ரயில் போவுது" என்றார். இரண்டாவதைக் கேட்டு நான்கு சொற்களைத் திருப்பிச் சொன்னார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அந்த டாக்டர்கிட்ட என்னிக்குப் போகணும்?" என்றார்! இன்று அவர் காதில் இருக்கும் கருவியினுள்ளும் இத்தகைய சில்லுதான் இருக்கிறது. முழுவதும் டிஜிட்டல் முறையிலான கருவிகள் 1996 முதல் பரவலாக விற்பனைக்கு வந்தன. அவை ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, செவிச் சோதனையின்படி எந்தப் பட்டை குறைவோ அதை மட்டும் உயர்த்துகின்றன.

புதிதாகத் தொடங்கும் தோழியர் முதலில் பணம் செலவழிக்க வேண்டாம். முதற்படி தாளும் பென்சிலும். இரண்டாம் படி கணினி: ஆடாசிட்டியில் ஒலியலையை நன்கு பெரிதாக்கிப் பார்த்தால், அளந்த எண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மூன்றாம் படியாகவே ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையும் மைக்கும் வாங்கலாம். மேலும் கற்க, ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம்.

நம் குரோம்பேட்டையில் சி. இராஜம் 1949-ல் நிறுவிய எம்.ஐ.டி., தொடக்கத்திலேயே மின்னணுவியலைப் பாடமாக வைத்தது. விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதிய சுஜாதா அங்கேதான் அதைப் படித்தார். நம் ரயில் நின்று போகும் ஊரிலேயே இத்தகைய கலைக்கூடம் இருக்கும்போது, இது எங்கோ தொலைவில் உள்ள கல்வி என்று நாம் ஏன் எண்ண வேண்டும்?

தோழியரே, நாம் வகுப்பில் போடும் சராசரிக் கணக்கு தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. இறைவன் தந்த செவி தளரும்போது அதற்குத் துணை நிற்கும் வல்லமை அக்கணக்குக்கு உண்டு. கற்போம், கற்றதைப் பிறர் துன்பம் துடைக்கப் பயன்படுத்துவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி