சூசையப்பரின் பிள்ளைப் பருவம்

சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீது ஏறினால், ஏற்காடும் தலைச்சோலையும் குளிர்காற்றுடன் நம்மை எதிர்கொள்ளும். ஏற்காட்டில் 1894-ஆம் ஆண்டில் திரு இருதயக் கன்னிமாடப் பள்ளியை நிறுவியவர்கள், பிரான்சில் தோன்றிய க்ளூனி அர்ச். சூசையப்பர் சபைக் கன்னிகாஸ்திரீகள். பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் அச்சபைக்குப் பெயர் தந்த மகானின் பிள்ளைப் பருவம் எத்தகையது?

வேதாகமத்தைப் புரட்டினால் விடை கிட்டாது. அவர் தாவீதின் வமிசத்தவர், தச்சர், நீதிமான் என்ற அளவிலே தெரிகிறது. அவர் வாய்மொழி ஒன்றேனும் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. இளமையைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஏழைத் தச்சனின் மழலையை எவர் எழுதி வைப்பார்? ஓவியரும் பெரும்பாலும் அவரை முதியவராகவே தீட்டினர். பாரிஸ் லூவர் காட்சிசாலையிலுள்ள லா டூரின் 17-ஆம் நூற்றாண்டுப் படத்தில், பாலன் இயேசு மெழுகுவர்த்தி ஏந்த, வயது முதிர்ந்த சூசையப்பர் குனிந்து மரத்தைத் துளைக்கிறார்.

அவருக்கு ஓர் இளமையை அளித்தது நம் தமிழ். இத்தாலியில் பிறந்து தமிழ்ப் புலவரான வீரமாமுனிவர், 1726-இல் அவரையே தலைவராக்கி, 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி'யை இயற்றினார். சூசை என்று நாம் வழங்கும் யோசேப்பு, பெருகுதலைக் குறிக்கும் எபிரேயப் பெயர். அப்பொருள் தோன்ற 'வளன்' எனப் பெயரிட்டார். 'வளன் சனித்த படலம்' பிறப்பையும், 'பாலமாட்சிப் படலம்' இளமைச் சிறப்பையும் பாடுகின்றன.

இவை சரித்திரமன்று, கவியின் பக்தி. ஆயினும் எழுதப்படாத தச்சனொருவனைக் காப்பியத் தலைவனாக்கிய பெருமை தமிழுக்குரியது. மலையேறும் அன்பர்கள் அந்நூலையும் உடன் கொண்டு செல்வார்களாக!